மின்சாரத்தை அளக்குமுன் அறிய வேண்டியவை

(திருத்தணி வட்டாரப் பஞ்சாயத்து உறுப்பினர்கள், விவசாயிகள் முன் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

தணிகை மலையின் அடிவாரத்தில் கூடியிருக்கும் நம்மில், மின்சாரத்தின் துணையின்றி ஒரு நாளையேனும் கழிப்பவர் எவரும் இலர். நந்தியாற்றுப் பக்கத்து வயல்களுக்கும் கொசத்தலையாற்றுப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் நிலத்தடி நீரை இறைத்துத் தருவது மோட்டார். அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை முதலிய ஊர்களில் நெசவாளர் குடும்பங்களின் அடுப்பு எரிவதற்கு விசைத்தறி ஓட வேண்டும். தெருவிளக்கும், குடிநீர்த் தொட்டியை நிரப்பும் மோட்டாரும் பஞ்சாயத்தின் பொறுப்பில் உள்ளவை. இவற்றுள் ஏதேனும் ஒன்று நின்றுவிட்டால், உடனே ஒருவர் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்கிறார். அவர் கையில் இன்று பெரும்பாலும் ஒரு மல்டிமீட்டர் இருக்கிறது. அக்கருவியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

இந்த உரையால் எவரும் ஒயர்மேன் ஆகிவிட முடியாது, ஆகவும் வேண்டாம். மின் இணைப்பு வேலைகளை, அதற்குரிய தகுதிச் சான்று பெற்றவரே செய்ய வேண்டுமென்பது சட்டம். ஆனால் உங்கள் கிணற்றடியிலும் உங்கள் பஞ்சாயத்துத் தெருவிலும் வேலை செய்ய வருபவர் முறையாகச் செய்கிறாரா என்று பார்த்தறியவும், தவறு கண்டால் “சற்று நில்லுங்கள்” என்று சொல்லவும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தச் சொல் ஓர் உயிரைக் காக்கக்கூடும். அண்மை ஆண்டுகளில் நம் நாட்டில் மின்சாரம் தாக்கி இறப்போர் தொகை ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டதென்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குகள் காட்டுகின்றன.

முதலில் இக்கருவியின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன். இங்கிலாந்து நாட்டின் தபால் தந்தித் துறையில் பொறியாளராயிருந்த டொனால்டு மக்காடி என்பவர், தந்திக் கம்பிகளின் பழுதைப் பார்க்கப் பல கருவிகளைச் சுமந்து செல்ல வேண்டியிருந்த தொல்லையைப் போக்க எண்ணினார். மின்னோட்டத்தை ஆம்பியரிலும், மின்னழுத்தத்தை வோல்ட்டிலும், மின்தடையை ஓமிலும் அளக்கும் மூன்று கருவிகளை ஒரே பெட்டிக்குள் அடக்கினார். அம்மூன்று அளவைகளின் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து ‘ஆவோ’ மீட்டர் என்ற பெயரோடு 1923இல் அது விற்பனைக்கு வந்தது. இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் அதன் வழிவந்ததே. மூன்று கருவிகள் ஒரே பெட்டியில் இருப்பதால் வசதி உண்டு. அபாயமும் அதனாலேயே வருகிறது. நாம் எந்தக் கருவியைக் கையில் பிடித்திருக்கிறோம் என்பதை நடுவிலுள்ள திருகுக் குமிழும், கம்பி செருகிய துளையும் தீர்மானிக்கின்றன; கருவியின் வெளித்தோற்றமோ எப்போதும் ஒன்றாகவே இருக்கிறது.

மின்சாரம் உடலை என்ன செய்கிறது என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். வீட்டுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். வியர்வையிலோ சேற்றிலோ நனைந்த உடலின் மின்தடை ஏறத்தாழ 1000 ஓம் என்று கொள்ளலாம். 230ஐ 1000ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர் உடலினூடே பாயும். பத்து மில்லி ஆம்பியர் அளவிலேயே கைத்தசைகள் இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமற் போகலாம். உயிரைக் காப்பதற்காக அமைக்கும் கசிவு மின் தடுப்பான் முப்பது மில்லி ஆம்பியரில் மின்சாரத்தைத் துண்டிக்குமாறு செய்யப்படுவதும் இதனாலேதான். நாம் மேலே கண்ட அளவு அதைப்போல் ஏழு மடங்குக்கும் மேலானது. மும்முனை மோட்டாரில் இரண்டு பேஸ்களுக்கிடையே ஏறத்தாழ 400 வோல்ட் இருக்கும். வரப்பில் வெறுங்காலுடன் நின்று ஸ்டார்ட்டரைத் திறக்கும் விவசாயிக்கு எத்துணை அபாயம் என்பது இக்கணக்கால் விளங்கும்.

இனி, மல்டிமீட்டரால் நேரும் பிழைகளுள் உயிருக்கு உலை வைப்பவை மூன்றைக் கூறுகிறேன்.

முதலாவது, ஆம்பியர்த் துளை. மின்னோட்டத்தை அளக்க, சிவப்புக் கம்பியை ‘10 ஆம்பியர்’ என்று குறித்த துளையில் செருக வேண்டும். அந்நிலையில் கருவிக்குள் மின்தடை ஏறக்குறைய இல்லை. அது ஒரு வெறுங்கம்பிக்குச் சமம். அளந்து முடித்தவர் கம்பியை அத்துளையிலேயே விட்டுவிடுகிறார். மறுநாள் வோல்ட் பார்ப்பதற்காகக் குமிழை மட்டும் திருப்பி, இரு முனைகளையும் பேஸிலும் நியூட்ரலிலும் வைக்கிறார். இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்தாற்போல் ஆகிவிடுகிறது. தீப்பொறி பறந்து, முனை உருகி, முகமும் கையும் வெந்துபோகும். மலிவான கருவிகள் பலவற்றில் அத்துளைக்கு ஃபியூஸ் கிடையாது. இல்லை என்பதை அத்துளையின் அருகிலேயே ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். ஆகவே ஆம்பியர் அளந்து முடித்தவுடன் கம்பியை வோல்ட் துளைக்கு மாற்றிய பின்னரே கருவியைக் கீழே வைக்க வேண்டும். மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை அறிய, கம்பியை வெளியிலிருந்தே கவ்விப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் பயன்படுத்துவது மேலும் நன்று.

இரண்டாவது, ஓம் நிலை. மின்தடையையும், கம்பி அறுந்துள்ளதா என்பதைக் காட்டும் ‘பீப்’ ஒலியையும் மின்சாரம் முற்றிலும் துண்டிக்கப்பட்ட இடத்தில் மட்டுமே சோதிக்க வேண்டும். மின்சாரம் உள்ள கம்பியில் அதை வைத்தால் கருவி பழுதாகும். காட்டும் எண்ணும் பொய்யாகும்.

மூன்றாவது, மின்சாரத்தின் வகை. மாறுமின்னோட்டத்தை அளக்கும் ஏ.சி. நிலையில் வைத்து, நேர்மின்னோட்டம் உள்ள இடத்தைத் தொட்டால் பல கருவிகள் சுழியம் அல்லது அதையொட்டிய எண்ணையே காட்டும். அங்கே பல நூறு வோல்ட் இருக்கக்கூடும். 2019இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின் வழியே சூரிய சக்திப் பம்புகள் கிராமங்களுக்கு வந்திருப்பதால், இதை விவசாயிகள் முக்கியமாக மனத்தில் கொள்ள வேண்டும். சூரியத் தகடுகளிலிருந்து வருவது நேர்மின்னோட்டம். பகலொளி படும்வரை அத்தகடுகளை எந்தச் சுவிட்சாலும் அணைக்க முடியாது. சுவிட்சுக்கு இப்பாலுள்ள கம்பியைத்தான் துண்டிக்க முடியும். மோட்டார் ஓடும்போது தகட்டின் இணைப்பைப் பிடுங்கினால் அணையாத தீப்பொறி எழும். அத்தகைய பம்பை, அதை நிறுவிய நிறுவனத்தின் பணியாளரே பழுது பார்க்கட்டும்.

நிற்க. கருவியை வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றையும் கூறிவிடுகிறேன். முகப்பில் ‘கேட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அதையடுத்து ரோமன் எண்ணும் வோல்ட் அளவும் பொறித்திருக்கும். ஐ.இ.சி. 61010 என்ற உலகத் தரவிதியின்படி, அக்கருவி எவ்வகை இடத்தில் பயன்படுத்தத் தக்கது என்பதை அக்குறி சொல்லுகிறது. ‘கேட் இரண்டு’ வீட்டுப் பிளக்கில் செருகும் சாதனங்களுக்கு உரியது. ‘கேட் மூன்று’ சுவரில் பொருத்திய மெயின் பலகை, நிலையான மோட்டார் ஆகியவற்றுக்கு உரியது. மின் கம்பத்திலிருந்து நேரே இறங்கும் இணைப்புக்கு ‘கேட் நான்கு’ வேண்டும். மின் கம்பிகளில் திடீரென எழும் அழுத்த அலையைத் தாங்கும் வலிமையே இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு. வயல்வெளிப் பம்பு அறை, கம்பத்திலிருந்து நேரே மின்சாரம் பெறுவது. ஆகவே ‘கேட் மூன்று, 1000 வோல்ட்’ அல்லது ‘கேட் நான்கு, 600 வோல்ட்’ என்று குறித்த கருவியே அங்கு ஏற்றது. கம்பிகளின் உறை வெடித்திருந்தாலும், முனையின் காப்பு உடைந்திருந்தாலும் அவற்றைப் புறக்கணித்துப் புதியன வாங்க வேண்டும். துணி சுற்றி ஒட்டிய கம்பியை நம்பி 400 வோல்ட்டைத் தொடலாகாது.

இப்போது, இவ்வுரையின் உயிர்நாடியான செய்திக்கு வருகிறேன். கருவி சுழியத்தைக் காட்டினால் மின்சாரம் இல்லை என்று பொருளாகுமா? ஆகாது. பாட்டரி தீர்ந்த கருவியும் மின்சாரத்தைக் காட்டாது. கம்பி உள்ளே அறுந்திருந்தாலும் சுழியம் காட்டும். குமிழ் தவறான நிலையில் இருந்தாலும் சுழியம் காட்டும். ஆகவே சோதனையை மூன்று படிகளில் செய்ய வேண்டும். முதலில், மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓரிடத்தில் கருவியை வைத்து, அது 230ஐ ஒட்டிக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு, வேலை செய்யவிருக்கும் இடத்தில் ஒவ்வொரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே, ஒவ்வொரு பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே, பேஸ்களுக்கு இடையே என்று எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும். இறுதியில், மீண்டும் முதலிடத்துக்குச் சென்று கருவி இன்னும் உயிரோடிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இம்மூன்றும் ஒத்து வந்தால்தான் அந்தச் சுழியத்தை நம்பலாம். திருகாணிக்குள் சிறு விளக்கு வைத்த டெஸ்டர் இவ்வேலைக்குப் போதாது. அதன் விளக்கு கெட்டிருந்தாலும், வெயிலில் அதன் ஒளி கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், மின்சாரம் இல்லையென்றே தோன்றும்.

அதனினும் பெரிய ஐயம் ஒன்றுண்டு. இந்த நொடியில் சுழியம் என்பது அடுத்த நொடிக்கும் உறுதியாகுமா? மும்முனை மின்சாரம் எந்நேரமும் வருவதில்லை என்பதை விவசாயிகள் அனுபவத்தில் அறிவர். நின்ற மின்சாரம் எப்போது திரும்பும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லுவதில்லை. மின்சாரம் வந்தவுடன் தானே மோட்டாரை ஓட்டும் ஆட்டோ ஸ்டார்ட்டர் பல கிணறுகளில் உள்ளது. கைபேசியால் அழைத்தாலே மோட்டாரை ஓட்டும் மின்னணு ஸ்டார்ட்டரும் வந்துவிட்டது. தந்தை கிணற்றடியில் பெட்டியைத் திறந்துகொண்டிருக்க, அதை அறியாத மகன் வீட்டிலிருந்து கைபேசியில் மோட்டாரை ஓட்டிவிடுவதும் நடக்கக்கூடிய ஒன்றே. ஆகவே மின்சாரம் நின்றிருக்கும் நேரத்திலும் மெயின் சுவிட்சை இறக்கியே தீர வேண்டும். ஃபியூஸ் கட்டைகள் மூன்றையும் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அல்லது சுவிட்சைப் பூட்டிச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். தானாகக் கிடைத்த சுழியத்தை நம்பாதீர்கள். நீங்கள் ஆக்கி, பூட்டி வைத்த சுழியத்தையே நம்புங்கள்.

பூட்டியதோடு ஓர் எச்சரிக்கைப் பலகையும் தொங்கவிட வேண்டும். ‘ஆள் வேலை செய்கிறார், சுவிட்சைப் போடாதீர்’ என்று அதில் எழுதினால் போதும். 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி அப்போதைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது நாம் அறிந்த வரலாறு. தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்த வீடுகளில் ஒலிக்கும் வட்டாரம் இது. நகரி, புத்தூர்ப் பக்கமிருந்து வேலைக்கு வருவோரும் உண்டு. ஆதலால் அப்பலகை இரு மொழிகளிலும் இருக்கட்டும். எழுத்தறியாதார்க்காக மண்டையோட்டுப் படமும் வரைந்துவிடுங்கள்.

மின்சாரம் உள்ள நிலையில் அளந்தே தீரவேண்டிய நேரமும் உண்டு. மூன்று பேஸும் வருகின்றனவா என்று பார்ப்பது அத்தகையது. இது தகுதிச் சான்று பெற்றவரின் வேலை. அவர் காய்ந்த பலகை அல்லது ரப்பர் விரிப்பின்மேல் காலணியோடு நிற்க வேண்டும். மோதிரத்தையும் உலோகக் கடிகாரத்தையும் கழற்றிவிட வேண்டும். கறுப்புக் கம்பியை முதலில் நியூட்ரலில் கவ்வியால் பொருத்திவிட்டு, சிவப்பு முனையை ஒரு கையால் மட்டும் வைக்க வேண்டும். எடுக்கும்போது சிவப்பை முதலில் எடுக்க வேண்டும். இரு கைகளிலும் முனைகளைப் பிடித்தால், தவறு நேரும்போது மின்சாரம் ஒரு கையிலிருந்து மறு கைக்கு நெஞ்சின் வழியே பாயும். விரல்கள் முனையிலுள்ள காப்பு வளையத்தைத் தாண்டி முன்னே செல்லலாகாது. மூன்று பேஸ்களையும் இரண்டிரண்டாக அளந்தால் மூன்று எண்களும் ஏறக்குறைய சமமாக, 400ஐ ஒட்டி இருத்தல் வேண்டும். ஒன்று மிகவும் குறைந்தால், அந்த மோட்டாரை ஓட்டக் கூடாது. ஓட்டினால் சுருள் எரிந்துவிடும். மின்வாரிய மீட்டருக்கு அப்பாலுள்ள கம்பத்தையும் ஃபியூஸையும் நாம் தொடவே கூடாது. அது லைன்மேனுக்கு உரியது.

மோட்டார்ச் சுருளைச் சோதிப்பதில் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. மல்டிமீட்டரின் ஓம் நிலையில் மூன்று சுருள்களையும் அளந்தால், எண்கள் சமமாக இருக்கின்றனவா, எங்கேனும் அறுந்துள்ளதா என்று தெரியும். ஆனால் சுருளிலிருந்து மோட்டாரின் உடலுக்கு மின்சாரம் கசிகிறதா என்பதை அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்குள்ளிருப்பது சில வோல்ட் பாட்டரியே. ஈரத்தால் நலிந்த காப்பு, சில வோல்ட்டுக்குத் தாங்கி, 400 வோல்ட்டுக்கு உடைந்துவிடும். அதைச் சோதிக்க 500 வோல்ட் அளிக்கும் மெக்கர் என்ற கருவி வேண்டும். ‘மீட்டரில் பார்த்தேன், கசிவில்லை’ என்று எவரேனும் சொன்னால், ‘எந்த மீட்டரில்?’ என்று கேளுங்கள்.

அடுத்து, மின்னணுச் சுற்றுகள். தெருவில் நாம் இன்று பொருத்தும் எல்.இ.டி. விளக்குக்குள்ளும், கைபேசி ஸ்டார்ட்டருக்குள்ளும் சிறு மின்னணுப் பலகைகள் உள்ளன. உள்ளே எரிவது சிறிய விளக்குத்தானே என்று இவற்றை எளிதாக எண்ணிவிடலாகாது. 230 வோல்ட் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும்போது, கண்டன்சர் என்னும் மின்தேக்கியில் சுமார் 325 வோல்ட் வரை தேங்கும். சுவிட்சை அணைத்த பின்பும் அது சிறிது நேரம் அங்கேயே தங்கியிருக்கும். ஒற்றைமுனை மோட்டாரின் கண்டன்சரும் அவ்வாறே. ஆகவே மின்சாரத்தைத் துண்டித்துச் சில நிமிடம் காத்திருந்து, டி.சி. நிலையில் கண்டன்சரின் இரு முனைகளையும் அளந்து பார்த்த பின்னரே பலகையைத் தொட வேண்டும். இன்னும் அழுத்தம் மிச்சமிருந்தால், காப்பிட்ட கவ்விகளோடு கூடிய தக்க மின்தடையின் வழியே அதை வெளியேற்ற வேண்டும். திருகாணியை வைத்துத் ‘தட்டி’விடும் வழக்கம் கண்ணுக்குக் கேடு. அன்றியும், மலிவான எல்.இ.டி. பலகைகள் சிலவற்றில் விளக்குப் பக்கமும் மெயின் பக்கமும் பிரிக்கப்படாமல் நேரே இணைந்திருக்கும். அத்தகைய பலகையில் எந்த முனையைத் தொட்டாலும் 230 வோல்ட்டைத் தொட்டதாகவே கொள்ள வேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்யத்தக்கவை சிலவற்றைக் கூறி முடிக்க விரும்புகிறேன். பஞ்சாயத்தின் பொறுப்பில் தரமான கருவி ஒன்றும், பூட்டு ஒன்றும், இருமொழிப் பலகை ஒன்றும் வாங்கி வையுங்கள். குடிநீர் மோட்டார் அறையிலும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கசிவு மின் தடுப்பான் பொருத்தப்பட்டுள்ளதா, எர்த் கம்பி துருப்பிடிக்காமல் உள்ளதா என்று பாருங்கள். தடுப்பானிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்ப்பதற்கு ஒருவரை நியமியுங்கள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து இலட்சக்கணக்கான அடியார்கள் இங்கே கூடுகிறார்கள். அந்நாட்களில் ஊர்தோறும் பந்தலும் தற்காலிக விளக்கும் ஒலிபெருக்கியும் அமைகின்றன. மழையில் நனைந்த பந்தற்காலில் சுற்றிய ஒயரே பல இடங்களில் எமனாகிறது. தகுதிச் சான்று பெற்றவர் சோதித்துக் கையெழுத்திட்ட பிறகே விளக்கை ஏற்ற அனுமதியுங்கள். பன்றிக்கும் மாட்டுக்கும் அஞ்சி, வயல் வேலியில் மெயின் மின்சாரத்தைப் பாய்ச்சுவது சட்டத்துக்குப் புறம்பானது. அறியாது வரும் அண்டை வீட்டுப் பிள்ளையைக் கொல்வது. அத்தகைய வேலி இருந்தால் கிராம சபையில் வெளிப்படையாகப் பேசி அகற்றச் செய்யுங்கள்.

ஒருவரை மின்சாரம் பற்றிக்கொண்டால் அவரை நேரே தொடாதீர்கள். சுவிட்சை அணையுங்கள், அது இயலாவிடின், காய்ந்த மரக்கட்டையின்மேல் நின்று, காய்ந்த கழியால் ஒயரை விலக்குங்கள். இது வீட்டு இணைப்புக்கே பொருந்தும். அறுந்து விழுந்த கம்பத்துக் கம்பியின் அருகில் செல்லாமல், மின்வாரியத்துக்குத் தெரிவியுங்கள். மின்னகம் என்னும் மின்வாரியச் சேவை மையத்தின் எண் 94987 94987. விலக்கப்பட்டவருக்கு மூச்சில்லையெனில், 108க்கு ஒருவர் அழைக்க, மற்றொருவர் மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஆம்புலன்சு வரும்வரை நிறுத்தலாகாது.

உழவர் பெருமக்களே! காய்கிற பயிரைக் காணும்போது மனம் பதறுவது இயல்பு. அந்தப் பதற்றத்தில் ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்தப் பார்க்கிறோம். மெயினை இறக்கி, ஃபியூஸைக் கழற்றி, மூன்று படியாகச் சோதிக்க அந்த ஐந்து நிமிடமே போதும். பயிருக்கு ஒரு நாள் தண்ணீர் தாமதமானால் மறுநாள் பாய்ச்சலாம். இதை உங்கள் ஊரில் நாலு பேருக்கு எடுத்துச் சொல்லுங்கள் என்று வேண்டி, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.